பதினாலு நிமிசப் படம் கை மாறி வந்த கதை

‘மெஷஸ் ஒஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எங்களில் பாதிப் பேருக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஒரு பெண், ஒரு திறப்பு, பாண் வெட்டுற கத்தி, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு கறுப்பு உருவம். பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பின்னால் ஓடிய கிட்டார் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. ‘மியூசிக்குக்காகவே பாருங்கோ’ என்று எழுதி, லிங்கை வட்ஸ்அப்பில் நாலைந்து குழுக்களுக்கு அனுப்பியும் விட்டோம்.

பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிட்டாருக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1943 இல் எடுக்கப்பட்டபோது அது சத்தமே இல்லாத படம். 1959 இல்தான் டெய்ஜி இத்தோவின் இசை சேர்ந்தது. நாங்கள் கேட்டது ஆரோ ஒருவர் தன் விருப்பத்துக்கு ஒட்டி ஏற்றிவிட்டது. வெட்கமாய்ப் போச்சு. அந்த வெட்கத்தில்தான் இந்தப் படம் எங்கள் போன் வரைக்கும் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினோம்.

மாயா டெரன் 1917 இல் கீவ் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் அங்கிருந்து தப்பி அமெரிக்கா போனது. தகப்பன் விட்டுப்போன காசில் ஒரு பழைய 16 மில்லிமீற்றர் பொலெக்ஸ் கமெரா வாங்கி, கணவர் அலெக்சாண்டர் ஹமிட்டோடு சேர்ந்து, தாங்கள் இருந்த லொஸ் ஏஞ்சலிஸ் வீட்டிலேயே படத்தை எடுத்தார். ஹொலிவூட் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் இப்படியான படத்தைப் போட எந்தத் தியேட்டரும் இல்லை.

டெரன் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1946 பெப்ரவரியில் நியூயோர்க்கில் புரொவின்ஸ்ரவுண் பிளேஹவுஸ் என்ற சின்ன நாடக அரங்கைத் தானே வாடகைக்கு எடுத்து, தன் மூன்று படங்களைக் காட்டினார். இடமில்லாமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். அதன் பிறகும் துண்டுப்பிரசுரம் அடிப்பது, பல்கலைக்கழகங்களுக்குப் படச் சுருளை அனுப்புவது, கூடவே போய்ப் பேசுவது எல்லாம் அவர் வேலைதான்.

அந்தக் காட்சிகளின் உந்துதலில் 1947 இல் அதே அரங்கில் ‘சினிமா 16’ தொடங்கியது. தொடங்கியவர்கள் அமோஸ் வோகலும் மனைவி மார்சியாவும். வோகலும் அகதிதான், நாசிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்தவர். பொதுக் காட்சி என்றால் தணிக்கைக்குக் கொடுக்கவேண்டும் என்பதால், அதை அங்கத்தவர் சங்கமாக்கினார்கள். உச்சத்தில் ஏழாயிரம் அங்கத்தவர்கள்! எங்கள் திரையிடலுக்கு இருபது பேர் வந்தாலே நாங்கள் போட்டோ எடுத்துப் போடுகிறோம்.

வோகல் தெரிவு செய்பவர். தனக்குச் சரியாகப் படாததை விட்டுவிடுவார். ஸ்டான் பிரக்கேஜின் ஒரு படத்தை அவர் எடுக்காமல் விட்டது பெரிய சண்டையாயிற்று. லித்துவேனியாவிலிருந்து அகதி முகாம்கள் வழியாக வந்த ஜோனாஸ் மேகஸும் நண்பர்களும் 1962 இல் தொடங்கிய கூட்டுறவில் எந்தப் படமும் நிராகரிக்கப்படாது என்பதே விதி. நாங்கள் நெடுக மேகஸ் கட்சி. எண்டாலும் அந்தக் கிட்டார் விஷயத்துக்குப் பிறகு வோகலையும் கொஞ்சம் விளங்குது.

1996 இல் கவிஞர் கெனத் கோல்ட்ஸ்மித் தொடங்கிய உபுவெப், இப்படியான படங்களை பெரும்பாலும் அனுமதி கேட்காமலே ஏற்றியது. யாராவது ஆட்சேபித்தால் எடுத்துவிடும். சரியா பிழையா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் இருக்கு. ஆனால் படச் சுருளை வாடகைக்கு எடுக்க எங்களிடம் காசும் இல்லை, ஓட்டிப் பார்க்கப் புரொஜெக்டரும் இல்லை. 2007 இல், எண்பத்து நாலு வயது மேகஸே தினம் ஒரு குறும்படமாக ஒரு வருசம் முழுக்க இணையத்தில் போட்டார் என்பதையும் சொல்லவேணும்.

போன மாதம் மெஷஸ் படத்தைத் திரும்பப் போட்டோம், இந்த முறை சத்தத்தை முழுசாக நிப்பாட்டிவிட்டு. ஃபான் சுத்துற சத்தம் மட்டும்தான். கண்ணாடி முகம் திரும்பின இடத்தில் பின்னுக்கு இருந்த ஒரு தங்கச்சி “அய்யோ” எண்டா. முதல் தடவை அந்த இடத்தில் ஒருத்தரும் மூச்சும் விடவில்லை, கிட்டாரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.