அடிமைக் கோலம் பூண்ட ஆண்டவர்

கடவுள் மனிதரானார் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. இதனை மனிதாவதாரம் என்று வழங்குவர். வழிபாடுதோறும் இந்நம்பிக்கையை அறிக்கையிடுவோர் பலர், கடவுள் எத்தகைய மனிதரானார் என்ற வினாவை எழுப்புவதில்லை. அரசராகவா? குருவாகவா? செல்வராகவா? கிறித்தவ நூல்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று, பவுல் அடிகள் சிறையிலிருந்து பிலிப்பி நகரத்தாருக்கு வரைந்த திருமுகம். அது தரும் விடை, கடவுளுக்கு நிகரானவர் அடிமையின் கோலத்தை மேற்கொண்டார் என்பதாகும். பவுல் எடுத்தாண்ட கிரேக்கச் சொல் 'தூலோஸ்'. சந்தையில் விலை பேசி விற்கப்பட்ட அடிமைக்கு அக்காலத்தில் வழங்கிய சொல் அதுவே. அதனை ஊழியர் என்றும் பணியாளர் என்றும் மென்மையாக்கி மொழிபெயர்ப்பாரும் உளர். அம்மென்மை மூலத்தில் இல்லை.

பிலிப்பி, உரோமப் போர்வீரர்கள் குடியேற்றப்பட்ட நகரம். அந்நகரத்தார்க்கு அடிமை என்றால் யார் என்பதும், சிலுவை என்றால் எது என்பதும் நன்கு தெரியும். சிலுவைச் சாவு பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகம் செய்தோர்க்கும் உரோமர் வைத்திருந்த தண்டனை. கி.மு. 73-இல் ஸ்பார்ட்டகஸ் என்னும் அடிமையின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி 71-இல் ஒடுக்கப்பட்டபொழுது, சிறைப்பட்ட ஆறாயிரம் பேரைக் கப்புவா நகரிலிருந்து உரோமாபுரி வரையிலான நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகச் சிலுவையில் அறைந்தனர். அத்தகைய சாவை அடைந்த தச்சர் ஒருவரே கடவுளின் வடிவம் என்று அந்நாளில் கூறுவது, கற்றோர் அவையில் நகைப்புக்கு இடமாகும் பேச்சு.

ஆகவே, அவருக்கு மெய்யான உடல் இல்லை, மனிதரைப் போலத் தோன்றினார், அவ்வளவே என்று ஒரு சாரார் போதித்தனர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமாபுரியில் கொல்லப்படுவதற்காகக் காவலுடன் கொண்டு செல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் அதனை வன்மையாக மறுத்தார். கிறிஸ்து துன்பப்பட்டது வெறுந்தோற்றமானால் தாம் விலங்கு பூண்டிருப்பது எதற்காக என்பது அவர் வினா. நூல் கற்றுப் பெற்ற விடையன்று அது. தம் உயிரையே அந்நம்பிக்கையின்மேல் வைத்துவிட்ட ஒருவரின் சொல்.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்னும் குரு வேறொரு வழியைக் கண்டார். மகன் படைப்புகளுள் தலையாயவர்; ஆயினும் படைக்கப்பட்டவரே; தந்தையோடு ஒரே இயல்பினர் அல்லர் என்றார். இவ்விரு கொள்கைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. எனினும் மெய்யான கடவுள் மெய்யாகவே பசிக்கவும் அடிபடவும் கூடாது என்னும் தயக்கம் இரண்டிலும் உண்டு. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நைசியா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், ஏறத்தாழ முந்நூறு ஆயர்களைக் கூட்டினார். மகன் தந்தையோடு ஒரே இயல்பினர் என்று அச்சங்கம் தீர்மானித்தது. பிற்காலத்தில் அத்தீர்மானத்தைக் காத்து நின்ற அத்தனாசியார் ஐந்து முறை பதவியிழந்து, மொத்தம் 17 ஆண்டுகளை நாடுகடத்தலிலும் தலைமறைவிலும் கழித்தார்.

கொள்கை வென்றது. ஆனால் அடிமைச் சந்தை நடந்துகொண்டுதான் இருந்தது! கிறித்தவச் செல்வர்களும் அடிமைகளை வைத்திருந்தனர். நைசியாவுக்குப் பின்னர்ச் சில ஆண்டுகளில் கங்ரா நகரில் கூடிய ஆயர் மன்றம், அடிமைகள் தங்கள் எஜமானரை மதியாது வேலையை விட்டு விலகுமாறு போதிப்பவரைச் சபித்து விதியே செய்தது. அதற்கு இலக்கானவர்கள் செபாஸ்தே நகரத்து எவுஸ்தாத்தியார் என்பாரைப் பின்பற்றியோர். அந்த எவுஸ்தாத்தியாருடன் நெருங்கிப் பழகிய குடும்பம் ஒன்று, இன்றைய துருக்கியின் வடபகுதியில், ஐரிஸ் ஆற்றங்கரையில் அன்னீசா என்ற ஊரில் நிலபுலங்களுடன் வாழ்ந்தது.

அவ்வீட்டின் மூத்த மகள் மக்ரீனா. பன்னிரண்டு வயதில் அவருக்கு மணம் நிச்சயிக்கப்பட்டது; மணமகன் இறந்துவிடவே வேறு மணத்தை அவர் மறுத்துவிட்டார். தந்தையின் மறைவுக்குப் பின் தாய் எமெலியாவிடம் அவர் வேண்டியது ஒன்று: பணிப்பெண்களுக்கு மேற்பட்டவராக வாழ்வதை விடுத்து அவர்களோடு ஒருவராக வாழ வேண்டும் என்பது. தாயும் இசைந்தார். முன்பு அடிமைகளாயிருந்த பெண்களும் வீட்டுத் தலைவியும் ஒரே பந்தியில் உண்டனர்; ஒரே வகைப் படுக்கையில் படுத்தனர். யார் யாருடன் பந்தியில் அமர்வது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பஞ்சம் வந்த காலத்தில், சாலையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த பெண் குழந்தைகளை மக்ரீனா தூக்கி வந்து வளர்த்தார். சங்கங்கள் சொல்லால் வரையறுத்த அவதாரம் இந்த இல்லத்தில்தான் வாழ்க்கையாயிற்று என்பது என் கருத்து.

அவருடைய தம்பி, நிஸ்ஸா நகர் ஆயர் கிரகோரியார். 380-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர், அடிமைகளை வாங்கியதாகச் சபை உரையாளர் என்னும் நூலில் ஒருவன் பெருமையடிக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு மறையுரை ஆற்றினார். கடவுளின் சாயலைப் பெற்ற மனிதனுக்கு எத்தனை காசு விலை வைத்தாய், விற்றவன் யார், வாங்கியவன் யார் என்று சபையாரை நோக்கி அடுக்கடுக்காகக் கேட்டார். கொடிய எஜமானரைக் கண்டித்தவர் பலர். எஜமானனாக இருப்பதே குற்றம் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சாடும் வேறொரு மறையுரை அக்காலத்திலிருந்து நமக்குக் கிட்டவில்லை. சட்டத்தை மாற்றுமாறு அவர் அரசரைக் கோரவில்லை, அதுவும் உண்மை. மற்றொரு நூலில், கடவுளின் வல்லமை விண்ணைப் படைத்ததைக் காட்டிலும் தாழ்மைக்கு இறங்கி வந்ததிலேயே மிகுதியாக விளங்குகிறது என்று எழுதினார். இத்துணிவை அவர் தம் தமக்கையின் பந்தியிலிருந்து பெற்றார் என்று கொள்வது மிகையாகாது. மக்ரீனாவைத் தம் ஆசிரியை என்றே அவர் குறிப்பிடுகிறார்.

மக்ரீனா 379-இல் காலமானார். கிரகோரியார் சென்றபொழுது அவர் தரையில் ஒரு பலகைமேல் படுத்திருந்தார். இறந்த பின் உடுத்துவதற்கு நல்ல ஆடை உண்டா என்று தம்பி வினவ, உடனிருந்த பெண்கள் பழைய மேலாடை ஒன்றையும் முக்காட்டையும் தேய்ந்த செருப்பையும் காட்டி, அவருடைய உடைமை இவ்வளவே என்றனர். கழுத்தில் மெல்லிய கயிற்றில் கோத்த இரும்புச் சிலுவையும் இரும்பு மோதிரமும் இருந்தன. சிலுவையை உடனிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மோதிரத்தைக் கிரகோரியார் தாம் எடுத்துக்கொண்டார்.