பாட்டி ஏன் வாத்தியார் ஆகலை?

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் தன்னார்வலர்கள் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தாங்க. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை கற்றுத்தரவே பிளஸ் டூ முடித்திருக்கணும். அந்த விதியால், படிக்க வாய்ப்பே கிடைக்காத தலைமுறை வெளியே நின்றுபோச்சு.

அமெரிக்காவில் 1990-களின் நடுவில் பிறந்த ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ முதியவர்களையே தேடிப் போனது. பால்டிமோரில் 60 தாண்டியவர்கள் வாரம் 15 மணி நேரம் தொடக்கப்பள்ளிகளில் உதவினாங்க. பிள்ளைகளின் வாசிப்பு ஒரு நோக்கம், பெரியவர்களின் உடல்நலம் இன்னொன்று.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்கு வருவோம். 2024 ஜூனில் அங்கேயும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. அந்தப் பணம் அவசியம். ஆனால் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து “எங்கே, வாசி கேட்போம்” என்று சொல்ல ஒரு ஆளும் வேணும். அதற்குச் சான்றிதழ் எதற்கு? அடுத்த திட்டத்திலாவது, வாசிக்கக் கேட்கவும் கதை சொல்லவும் தெருவிலிருக்கும் தாத்தா பாட்டிகளுக்குத் தனி இடம் ஒதுக்கலாம்.