மரம் மயிலான மரபு

புராணங்கள் கதையளவில் நில்லாது, உயிர்க்கு உறுதி பயக்கும் பொருளை உள்ளடக்கி நிற்பன என்பது சைவச் சான்றோர் துணிபு. கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்துள் வரும் சூரபன்மன் வதை அத்தகையது. கடல் நடுவே மாமரமாகி நின்ற சூரனை முருகப்பெருமானது வேற்படை இருகூறாகப் பிளக்க, அவன் மயிலும் சேவலுமாயினான். மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. மரம் பிளவுண்டு புள்ளாதல் என்னும் இந்நிகழ்ச்சி, தச்சர்தம் பட்டறையிலே உளியின் வாயிலாக நிகழ்வதற்கும் ஒப்பாம். மரத்திற் புள்ளைச் செதுக்கி, அதன் இறகுகளை இழையிழையாகக் காட்டுங் கலையின் வரலாறும், அக்கலை சித்தாந்த உண்மைக்கு உதவும் விளக்கமும் ஈண்டு ஆராயப்படும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, மயில்கள் இயல்பாக உலவும் நிலத்தில், இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்றற்கொன்று அண்மையவாய் அமைந்துள்ளன. இராஜபாளையத்துப் பெத்தவநல்லூரில் எழுந்தருளிய இறைவர்க்கு மாயூரநாதர் என்பது திருநாமம். அம்மை அஞ்சல் நாயகி. மாயூரநாதர் என்னும் பெயர், உமையம்மை மயிலுருக்கொண்டு சிவபிரானை வழிபட்ட மயிலாடுதுறையை நினைப்பிப்பது. திருமயிலையின் வரலாறும் அத்தகையதே. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மடவார்விளாகத்தில் வைத்தியநாதர் கோயில் கொண்டுள்ளார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் வயிற்றுநோய் இவ்விறைவரருளால் நீங்கிற்று என்பது அத்தலத்தில் வழங்குஞ் செவிவழிச் செய்தி. அவ்வூர் வடபத்திரசாயி கோயிலில் புராணக் காட்சிகளை மரத்திற் செதுக்கியமைத்த மண்டபம் ஒன்றுளது. சைவம் வைணவம் என்னும் இருதிறத்துக் கோயில்களிலும் மரத்தச்சர் கைவண்ணம் போற்றப்பட்டு வந்தமைக்கு இது சான்றாம்.

புள்ளுருவைச் சமைப்பதற்கு மரம் ஒன்றே கருவி என்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் விளங்குங் கிளி நாள்தோறும் புதிதாக இலையாலும் பூவாலும் ஆக்கப்படுவது. மாதுளம்பூ அலகாகவும், மரவள்ளி இலை உடலாகவும், காக்காய்ப்பொன் கண்ணாகவும் அமைய, வாழைநாரால் அது கட்டப்படும். இலை தானே நடுநரம்பும் கிளைநரம்பும் உடையதாகலின், இறகின் சாயல் அதன்கண் இயல்பாகவே உளது. மரத்திற்கோ அவ்வியல்பில்லை. ஆண்டுக்கணக்கில் வளையமிட்டு வளர்ந்த வன்பொருளில் மென்மையைத் தோற்றுவித்தல் தச்சன் கடன். இலைக்கிளி ஒருநாளில் வாடும். மரப்புள் தலைமுறைகள் பல கண்டு நிற்கும்.

சிவாலயத் திருவிழாக்களில் இறைவனும் அம்மையும் உலாப்போதரும் ஊர்திகளுள் இடபம், பூதம், யானை, குதிரை முதலியவற்றோடு அன்னம், மயில், கிளி என்னும் புட்களும் உள. இவற்றைச் சமைக்குந் தச்சர் முதலில் வாய்ச்சியால் மரத்தைப் பருவெட்டாகச் சீவி உருவை வரைவுபடுத்துவர். பின்னர் கொட்டாப்புளியும் உளியுங் கொண்டு கழுத்து, மார்பு, சிறகு, வால் என உறுப்புக்களைப் பிரிப்பர். இறுதியில் நுண்ணுளியால் இறகுகளை வரிசைப்படுத்துவர். இவ்வரிசை ஓடு வேய்ந்தாற்போல்வது. ஒவ்வோரிறகும் தன்பின் உள்ளதன் அடியை மூடி நிற்றல் வேண்டும். ஆகலின் ஓடு வேய்வோன் இறப்பிலிருந்து மோட்டை நோக்கிச் செல்லுமாறு போல, இறகு வரைவோனும் வாலில் தொடங்கித் தலையை நோக்கிச் செல்லுதல் முறையாம்.

தோகை செதுக்குவோன் மயிலின் உடலமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். தோகை என வழங்கப்படுவது வால் அன்று. வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகளே அங்ஙனம் நீண்டு வளர்கின்றன. உண்மை வால் 20 குறும் இறகுகளாலாயது. அது தோகையின் பின் மறைந்து நின்று, விரியுங்கால் அதனைத் தாங்குவது. தோகையோ இனப்பெருக்கக் காலம் கழிந்தபின் ஆண்டுதோறும் உதிர்ந்து மீள வளரும். கண்ணுக்குத் தோன்றும் அழகை, தோன்றாது நிற்கும் ஒன்று தாங்குகின்றது என்னும் இவ்வமைப்புச் சிந்தித்தற்குரியது.

கோயிலூர்தியில் இறகுக்கோடுகள் ஆழமாகவும் அகலமாகவும் அமைதற்குக் காரணம் உண்டு. அவ்வூர்தி தோள்மேல் உயர்ந்து, இரவில் தீவட்டியின் அசையும் ஒளியிலே தொலைவிலிருந்து காணப்படுவது. ஆழ்ந்த கோட்டில் நிழல் தங்கும். நிழல் அசைய, இறகும் அசைவதுபோலத் தோன்றும். மிக நுண்ணிய கோடோ அவ்வொளியிற் புலப்படாது மறையும்.

கையணிமையில் வைத்துக் காணும் பறவைக்கு வேறொரு முறை வேண்டப்படும். அது காய்ச்சிய முனையால் மரத்தைச் சுட்டுக் கோடிடும் முறை. தீயைத் துளையிடுங் கருவியாகக் கொள்ளுதல் தமிழர்க்குப் பழமையானது. இடையன் தீக்கடைகோலின் தீயாற் குழலுக்குத் துளையிட்டமையைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். இறகுவேலையிலோ, நடுத்தண்டு முதற்கண் உயர்த்திச் செதுக்கப்படும். அதன் இருமருங்கும் சாய்ந்தோடும் இழைகள் சூட்டுமுனையால் ஒன்றையொன்று ஒட்டி வரையப்படும். சூடு மிகின் மரங் கருகிக் கோடு பருக்கும். குறையின் முனை மரத்தைக் கீறுமேயன்றி இழை தோன்றாது. வன்மையும் மென்மையும் மாறிமாறி வரும் பருத்த ரேகையுடைய மரம் இதற்கு ஏலாது. நெருங்கிய மென்ரேகை மரமே ஏற்கும். பின்னர் வண்ணம் பூசுங்கால் நீர்போல் மெலிந்த பூச்சைப் பலமுறை ஏற்றுதல் வேண்டும். தடித்த பூச்சு ஒன்றே பலநாள் உழைப்பை மறைத்துவிடும்.

இந்நுண்கலை இன்று சிறந்து விளங்குவது வட அமெரிக்காவில். ஆயின் ஆண்டு அதன் பிறப்பு அழகின் பொருட்டன்று, கொலையின் பொருட்டு. நீவாடா நாட்டு லவ்லாக் குகையிலே 1924-ஆம் ஆண்டில், கோரையாற் செய்த வாத்துருவங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய அவை, நீர்ப்பறவைகளை ஈர்த்துப் பிடித்தற்கு வேட்டுவர் மிதக்கவிட்டவை. பின்வந்தோர் அவ்வுருவங்களை மரத்திற் செய்தனர். பறவைகள் அளவின்றிக் கொல்லப்பட்டமையால் 1918-ஆம் ஆண்டில் புலம்பெயர் பறவைகளைக் காக்குஞ் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. மேரிலாந்து நாட்டுக் கிரிஸ்பீல்டு ஊரில் முடிதிருத்துந் தொழிலினராகிய லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்னும் உடன்பிறந்தார் வேட்டைக்கெனப் புள் செதுக்கத் தொடங்கி, நாளடைவில் அழகு ஒன்றே கருதிச் செதுக்குவாராயினர். கொல்லுதற்குக் கருவியாய் நின்ற பொய்ப்புள், உயிருள்ள புள்ளைக் கூர்ந்து நோக்கிப் போற்றுதற்குக் கருவியாய் மாறிற்று. பகையாய் நின்ற சூரன் ஊர்தியாய் மாறியதனோடு இம்மாற்றம் வைத்தெண்ணத்தக்கது.

விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிக்கும் இவ்வுபாயத்தைத் தமிழர் பார்வை என்னுஞ் சொல்லாற் குறித்தனர். 14-ஆம் நூற்றாண்டிற் சிறந்து விளங்கிய உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் அருளுருநிலை கூறுமிடத்து, இச்சொல்லையே உயர்ந்ததோர் உவமையாக்கினர். இறைவன் மானிட உருவைப் போர்வையாகக் கொண்டு குருவாய் எழுந்தருளுதல், மக்களைப் பற்றி ஆட்கொள்ளுதற்கு அமைந்த பார்வையே என்பதும், உலகம் அதனை அறிகிலாது என்பதும் அவர் கருத்து. வேடன் பார்வை உயிரைக் கவரும். இறைவன் பார்வை உயிரைப் பாசத்தினின்றும் மீட்கும். உபாயம் ஒன்றாயினும் பயன் மாறுபட்டமை காண்க.

இனி, இறகு எத்துணை மெய்போல் தோன்றினும் உள்ளது மரமேயன்றோ, தோற்றம் பொய்யன்றோ என ஏகான்மவாதி கடாவக் கூடும். திருமூலர் மரத்தாற் சமைத்த யானையை எடுத்துக்காட்டி, யானையென நோக்குங்கால் மரம் மறைதலையும், மரமென நோக்குங்கால் யானை மறைதலையும் உணர்த்தினர். மறைதல் வேறு, இன்மை வேறு. யானை பொய் என்று அவர் கூறிற்றிலர். காண்பான் அறிவு ஒன்றில் அழுந்த மற்றொன்று புலப்படாமையையே கூறினர். உலகம் உள்பொருள் என்பதே சித்தாந்தம். சூரன் வரலாறும் இதனையே வலியுறுத்தும். சூரன் ஆணவமலத்தைக் குறிப்பவன். வேல் ஞானத்தைக் குறிப்பது. வேல் அவனை இல்பொருளாக்கவில்லை. அவன் செருக்கை அடக்கித் திருவடியைத் தாங்கச் செய்தது. முத்தியிலும் மலம் அழிவதன்று, அதன் சத்தியே மடங்கும் என்னும் ஆசிரியர் கொள்கை இதனால் இனிது விளங்கும். மரமும் அற்றே. உளி மரத்தை ஒழிப்பதன்று. அதன் முரணை நீக்கி இறைவனைச் சுமக்கும் தகுதியை அதற்கு அளிப்பது.

இத்துணைப் பொருள் செறிந்த மரவூர்திகள் பல, பராமரிப்பு என்னும் பெயராலேயே தம் வடிவிழத்தல் வருந்தத்தக்கது. தடித்த எனாமல் வண்ணம் திருவிழாத்தோறும் ஒன்றன்மேலொன்றாக ஏற, இறகுக்கோடுகள் தூர்ந்து மார்பும் சிறகும் வழவழப்பான பரப்பாகின்றன. வெள்ளியாலும் பித்தளையாலும் தகடு போர்த்தல் அன்பின் செயலேயாயினும், உள்ளிருக்கும் மரத்தில் ஈரமும் செல்லும் புகுந்தால் அவற்றைக் கண்டறிதற்கு இடமின்றாகின்றது. பழைய பூச்சைத் தேர்ந்த தச்சர் கையால் மெல்லக் களைந்து, கோடுகளைத் தெளிவித்து, மெல்லிய வண்ணமே பூசுதலும், தகடு போர்க்குமுன் மரத்தின் உருவைப் படமெடுத்து வைத்தலும் திருக்கோயிற் பொறுப்பினர் மேற்கொள்ளத்தக்கன.

தோகையைத் தாங்கும் வால் மறைந்து நிற்குமாறு போல, ஊர்தியைச் சமைத்த தச்சன் பெயரும் மறைந்தே நிற்கின்றது. அவன் கோடு மறையாதிருத்தல் வேண்டும். அதனைக் காத்தலும் சிவபுண்ணியமேயாம்.

திருச்சிற்றம்பலம்.