சூசன்னா வெஸ்லியின் வீட்டுக்கல்வி

சூசன்னா வெஸ்லி (1669–1742) இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் சிற்றூரில் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி அளித்தவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாய். இவர் பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சிறுவயதிலேயே இறந்தனர். கணவர் சாமுவேல் அவ்வூர்த் திருச்சபையின் குரு. 1705இல் கடனுக்காகச் சிறைப்பட்டார்.

பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துகளைக் கற்பிக்க ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. முதல்நாளே வீட்டு வேலைகள் பங்கிடப்பட்டன. காலை 9 முதல் 12 வரையும் பிற்பகல் 2 முதல் 5 வரையும் பாட அறைக்குள் வேறு எவரும் நுழையக்கூடாது. அடுத்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கொண்டு வாசிப்புத் தொடங்கியது.

1709இல் வீடு தீக்கிரையானது. பிள்ளைகள் பல வீடுகளில் தங்க நேர்ந்ததால் பழைய ஒழுங்கு குலைந்தது. வீடு மீண்டும் கட்டப்பட்டபின் சூசன்னா அதனைச் சீர்செய்ய முயன்றார்.

தம் முறைகளை அவர் 1732இல் ஜானுக்குக் கடிதமாக எழுதினார். தவற்றை ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளையை அடிக்கக்கூடாது. ஒரே தவற்றுக்கு இருமுறை தண்டிக்கக்கூடாது. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. ஒரு வயதுக் குழந்தையும் பிரம்புக்கு அஞ்சி, ஓசையின்றி அழப் பழக்கப்பட்டது. இக்கண்டிப்பு இன்று ஏற்கத்தக்கதன்று.

ஆயினும் ஒரு விதி காலத்தை முந்தியது: நன்றாக வாசிக்கக் கற்கும்வரை பெண்பிள்ளைக்குக் கைவேலை பழக்கக்கூடாது. வாசிக்குமுன்பே தையலில் அமர்த்துவதால்தான் பெண்கள் பலர் சரியாக வாசிக்க இயலாமற் போகின்றனர் என்பது அவர் கருத்து.