பால்டிமோர் பாலம்: ஒரு வயரா காரணம்?

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனவர்கள் மலாக்கா நீரிணையில் கொள்கலன் கப்பல்கள் நகர்வதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள். ‘டாலி’யும் அத்தகைய கப்பல்தான். நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சில நொடிகளில் சரிந்தது. மேலே சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் மாண்டனர். அனைவரும் மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

காணொளி பரவியதுமே சமூக ஊடகங்கள் தீர்ப்பு எழுதிவிட்டன. இணையத் தாக்குதல் என்றனர் சிலர், வேண்டுமென்றே மோதியது என்றனர் வேறு சிலர். பணியாளர்கள் 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர் என்று தெரிந்ததும் அவர்களைக் கேவலப்படுத்திக் கேலிச்சித்திரமும் வந்தது. அப்போது கப்பலை வழிநடத்தியவர்கள் உள்ளூர் பைலட்டுகள் இருவர் என்ற செய்தி அந்தக் கேலியில் மறைந்துபோனது.

“நங்கூரம் போட்டிருக்கலாமே” என்பது பலரின் கேள்வி. போட்டார்கள். ஆனால், மின்சாரம் போனதற்கும் மோதலுக்கும் இடையே இருந்தது சுமார் 4 நிமிடம். ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எடையை அதற்குள் நிறுத்த முடியாது என்று வல்லுநர்கள் விளக்கினர்.

மின்சாரம் ஏன் போனது? தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் விடை சொன்னது. ஒரு வயரில் மாட்டிய பெயர் லேபல் இடைஞ்சலாக இருந்ததால், அது இணைப்பில் முழுமையாக நுழையவில்லை. நாளடைவில் தளர்ந்துவிட்டது. “இவ்வளவு சின்ன விஷயமா?” என்று நம்ப மறுத்தவர்கள் உண்டு. அந்தக் கப்பலில் அதைத் தேடியது ஐபல் கோபுரத்தில் தளர்ந்த ஓர் ஆணியைத் தேடுவது போன்றது என்றார் வாரியத் தலைவர் ஜெனிபர் ஹோமெண்டி.

வயரோடு கதை முடியவில்லை. 1980-இல் புளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதி 35 பேர் இறந்த பிறகு, புதிய பாலங்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1977-இல் திறந்த கீ பாலத்தின் ஆபத்து எவ்வளவு என்று யாரும் கணக்கிடவில்லை. கணக்கிட்டிருக்க வேண்டும் என்கிறது வாரியம்.

பைலட்டுகளின் எச்சரிக்கையால் போலீசார் வாகனங்களை நிறுத்தினர். பல உயிர்கள் தப்பின. ஆனால், அந்தச் செய்தி பாலத்தின் மேல் இருந்த தொழிலாளர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. உயிரிழப்புக்கு அதுவும் காரணம் என வாரியம் பதிவு செய்துள்ளது.