புட்டும் கடலைக் கறியும்: அளவில்தான் இருக்கிறது சர்க்கரைக் கட்டுப்பாடு

திருவனந்தபுரத்தின் காலை உணவுகளில் புட்டுக்குத் தனியிடம் உண்டு. குழலில் அரிசி மாவும் தேங்காய்த் துருவலும் அடுக்கி ஆவியில் வேகவைக்கப்படும் இதில் எண்ணெய் சேர்வதில்லை. ஆயினும் பொடித்த அரிசி விரைவில் செரித்துக் குளுக்கோஸாக மாறுவதால், வெறும் புட்டு இரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான இன்டியாப் ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது.

புட்டின் வழக்கமான துணையான கடலைக் கறி இங்கே கைகொடுக்கிறது. கறுப்புக் கொண்டைக்கடலையின் புரதமும் நார்ச்சத்தும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை படிப்படியாகவே ஏறும். கறியில் ஒரு பங்கை முதலில் உண்டுவிட்டுப் புட்டைத் தொடுவது மேலும் நல்லது. ஆனால் பல தட்டுகளில் புட்டு முழுக் குழலாகவும், கறி தொட்டுக்கொள்ளும் அளவிலுமே இருக்கிறது. அரைக் குழல் புட்டு, ஒரு கிண்ணம் கடலை என்று இதை மாற்ற வேண்டும். பழமும் சீனியும் பிசைந்த புட்டு சுவையானதுதான். நீரிழிவு உள்ளோருக்கு ஏற்றதன்று. கேழ்வரகுப் புட்டும் மாவுச்சத்தே என்பதால் அதற்கும் அளவு தேவை.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். உண்ணத் தொடங்கிய 2 மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால், தமக்கு ஒத்துவரும் அளவு எது என்பது தெரியவரும்.