ஆட்டிசத்தின் முதல் கேஸ், கிளப் தலைவரான கதை

இன்னைக்கு இழை கொஞ்சம் நீளம். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது, வரலாறு மட்டும்தான். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ஒரு கேள்வி. உலகத்திலேயே முதன்முதலில் ஆட்டிசம் என்று எழுதிவைக்கப்பட்ட ஆள் பிறகு என்ன ஆனார்? ஏதோ ஒரு விடுதியில், ஜன்னலைப் பார்த்தபடி காலம் தள்ளியிருப்பார் என்றுதான் பலருக்கும் தோணும்.

வங்கியில் வேலை பார்த்தார். வாரத்துக்கு நாலஞ்சு நாள் கோல்ஃப் ஆடினார். உள்ளூர்ப் போட்டிகளில் ஆறு கோப்பை வாங்கினார். கிவானிஸ் கிளப்புக்கு ஒரு தவணை தலைவராகவே இருந்தார். கிவானிஸ் என்பது நம்ம ஊர் ரோட்டரி, லயன்ஸ் மாதிரி ஒரு சங்கம்.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, என் ஓபிக்கு வரும் ஆட்டிசக்காரர்களில் 30, 35 வயதுக்காரர்களும் உண்டு. ஆட்டிசம் என்றதும் உங்களுக்குக் குழந்தை முகம்தான் நினைவுக்கு வரும். குழந்தைகள் வளருவாங்க இல்லையா? வளர்ந்தவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் பேச்சு வரலை, தூக்கம் வரலை என்பது இல்லை. "குழுவுல இருந்து எடுத்துட்டாங்க டாக்டர்" என்பதுதான். ஷட்டில் குழு, கேரம் கிளப், பறவை பார்க்கப் போகிற குழு, பஜனைக் குழு என்று குழுக்கள் மட்டும் மாறும்.

சரி, கதைக்கு வருவோம். அவர் பெயர் டொனால்ட் டிரிப்லெட். 1933ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நாலு வயது நிறையும் முன்பே, டாக்டர்கள் சொன்னபடி ஒரு விடுதியில் விட்டார்கள். ஒரு வருஷம் போல அங்கே இருந்தான் பையன். அப்புறம் பெற்றோருக்கு மனசு கேட்கலை. விடுதித் தலைவர் வேண்டாம் என்று சொல்லியும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

அப்பா வக்கீல். மகனைப் பற்றி 33 பக்கத்துக்கு ஒரு கடிதம் தயார் செய்து, பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கன்னருக்கு அனுப்பினார். 1938 அக்டோபரில் கன்னர் பையனைப் பார்த்தார். 1943ல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் ஆரம்பம். அதில் முதல் கேஸ் 'டொனால்ட் டி.'.

1942ல் டொனால்டை வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி, பிள்ளையில்லாத ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். 1945ல் கன்னர் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். பையனுக்கு எதைப் பார்த்தாலும் அளக்கணும், எண்ணணும். அந்தத் தம்பதி அதை நிறுத்தச் சொல்லவில்லை. கிணறு தோண்டவிட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தவனிடம், உழுதுகொண்டே எண்ணு என்று ஏர் கொடுத்தார்கள். படிப்பு வாசனை அதிகம் இல்லாத அந்தக் குடியானவர்கள் செய்ததைவிட நல்ல சிகிச்சையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிச்சதில்லை.

பிறகு உள்ளூர் உயர்நிலைப்பள்ளி. அடுத்து மில்சாப்ஸ் கல்லூரி. அங்கே பாட்டுக்குழுவில் சேர்ந்தார். ஸ்வரம் அவருக்குத் துல்லியமாகப் பிடிபடும். அதனால் பாட்டு ஆசிரியர் சுருதிக் குழல் எடுக்காமல், டொனால்டைக் கேட்டே சுருதி சேர்த்தார் என்று சொல்வார்கள். 1958ல் பட்டம். ஊர் திரும்பி, அம்மா வீட்டார் நடத்திய வங்கியிலேயே வேலை. 2023 ஜூன் மாதம், 89 வயதில் காலமானார்.

இப்போ முக்கியமான இடம். 1971ல் கன்னர் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதினார். கோப்பை, கிவானிஸ் தகவலெல்லாம் அதில்தான், டொனால்டின் அம்மா எழுதி அனுப்பியபடி இருக்கிறது. அதே கட்டுரையில், பெரிய அரசு விடுதிகளுக்குப் போன குழந்தைகளின் கதையும் இருக்கு. இருந்த திறமையும் மங்கிப்போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டார்கள். விடுதியில் சேர்த்தது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற அளவுக்குக் கன்னரே வருத்தப்படுகிறார். ஆரம்பத்தில் அவர்களுக்கும் டொனால்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்த இடம்தான் வேற.

ஃபாரஸ்ட் ஊர்க்காரர்களை ரொம்பத் தூக்கி வைக்கவும் வேண்டாம். டொனால்ட் பணக்கார வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை. 1950களின் மிசிசிப்பியில் இதே குணங்களோடு ஒரு கறுப்பினப் பையன் இருந்திருந்தால் அந்தக் கோல்ஃப் மைதானத்து வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. ஆனாலும் பல வருஷம் கழித்து அவரைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர்களை, "அவரைப் புண்படுத்தினீங்கன்னா விடமாட்டோம்" என்கிற தோரணையில் ஊர்க்காரர்கள் எச்சரித்தார்கள் என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருந்தது.

இடையில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழ்நாட்டு அரசுக் காகிதங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு மொழிபெயர்ப்பு உண்டு. கிளப் தலைவராக இருந்த மனுஷனுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? வெளி உலகம் வேண்டாம் என்பவர், குழுவிலிருந்து நீக்கியதற்கு என்னிடம் வந்து ஏன் அழணும்?

நான் இருப்பது காரைக்காலை ஒட்டிய தருமபுரம். (மயிலாடுதுறை பக்கம் ஆதீனம் இருக்கிற தருமபுரம் வேற.) இந்த ஊர்க் கோயில் சாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். ஏன் அந்தப் பெயர்னு சேக்கிழார் சொல்லும் கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். திருஞானசம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசிப்பார். தருமபுரம் பாணருக்கு அம்மா பிறந்த ஊர். இங்கே இருந்த உறவுக்காரர்கள், யாழால்தான் பாட்டுக்கே பெருமை என்று பேசிவிட, பாணர் கூசிப்போய், யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாடச் சொல்லிச் சம்பந்தரைக் கேட்டார். அவரும் பாடினார். யாழில் வரவில்லை. பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவிக்கு எட்டும் அளவில் வாசியுங்கள் என்று சொல்லி யாழைத் திருப்பிக் கொடுத்தார்.

பக்தி இலக்கியமாக இதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். டாக்டராக நான் கவனிப்பது கடைசி வரியை. கருவி ஒத்துவரவில்லை என்பதற்காக வாசிப்பவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. இத்தனைக்கும் பாணர் குலத்தில் பிறந்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் அது. சாதி விலக்கும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அது வேற கொடுமை. எட்டும் அளவில் வாசி, ஆனால் கூடவே இரு என்று சொல்வது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஒரு நோயாளி. அடையாளங்களை மாற்றித்தான் சொல்றேன். ஷட்டில் ஆடுபவர், ஆட்டமும் சுமார் இல்லை. ஸ்கோர் தப்பா சொன்னா உடனே சத்தமா திருத்துவார். காலையில் அஞ்சு மணிக்கு வாட்ஸப் குழுவில் ராக்கெட் நரம்பு இழுவிசை பற்றி நீளமா எழுதுவார். ஒருநாள் பார்த்தால் குழுவில் இல்லை. யாரும் காரணம் சொல்லலை, போன் பண்ணினால் எடுக்கலை. என்னிடம் வந்து அவர் கேட்டது: "நான் எந்த விதியை மீறினேன் டாக்டர்?"

விதியே கிடையாது. எல்லாருக்கும் 'தானா புரியும்' என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்றைத்தான் மீறியிருந்தார். அது தானா புரியாமல் இருப்பதற்குப் பெயர்தான் ஆட்டிசம்.

2017ல் நோவா சாசனும் சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருதரப்பும் பேசுவதைச் சில விநாடி வீடியோவாகக் காட்டி, இவரோடு பழகுவீர்களா என்று மற்றவர்களைக் கேட்டார்கள். ஆட்டிசக்காரர்களுக்கு மதிப்பெண் குறைவு. அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது சொன்ன விஷயத்தில் குறை இல்லை. பார்வை, குரல், கை அசைவு, இவற்றை வைத்துச் சில விநாடியில் நாம் ஆளைத் தள்ளிவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுது? 1995ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைதான், ஆட்டிசம் அதில் இல்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016 சட்டத்தில் வகைகள் 21 ஆகி, ஆட்டிசமும் உள்ளே வந்தது. இன்றைக்கு 40 வயதானவரின் பள்ளிக்காலத்தில் அவர் நிலைக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை, வாத்தியார் வைத்த பட்டப்பெயர்தான். 2016 சட்டத்தின் 29வது பிரிவு, பொழுதுபோக்கு மையங்கள், சங்க நடவடிக்கைகள், கலை வகுப்புகள், முகாம்கள் இவற்றிலெல்லாம் பங்கெடுக்க வழிசெய்யணும் என்கிறது. ஆனால் அந்தக் கடமை அரசுக்கும் உள்ளாட்சிக்கும். உங்க தெரு ஷட்டில் குழுவை அதை வைத்துக் கேள்வி கேட்பது கஷ்டம். அதனால்தான் சட்டத்தைவிட உங்களிடம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 1996 முதல் அமெரிக்காவில் தாங்களே 'ஆட்ரீட்' என்று முகாம் நடத்தினார்கள். நிறம் வைத்த அட்டை ஒன்றை அணிந்துகொள்வார்கள். பச்சை என்றால் வந்து பேசுங்க. மஞ்சள் என்றால் தெரிஞ்சவங்க மட்டும். சிவப்பு என்றால் இப்போ வேண்டாம். முகத்தைப் பார்த்து யூகிக்க வேண்டியதை அட்டையில் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஷட்டில் குழுவிலும் அப்படி ஒன்றைச் செய்திருக்கலாம். மெசேஜ் ஏழு மணிக்கு மேல், ஒரு நாளைக்கு ரெண்டு என்று எழுதிப் போட்டிருந்தால் அவர் அட்சரம் பிசகாமல் நடந்திருப்பார். ஸ்கோர் எழுதும் வேலையை அவரிடமே கொடுத்திருந்தால் சண்டையே வந்திருக்காது. ஒருவர் நிஜமாகவே மற்றவர்களைத் தொந்தரவு செய்தால் அதையும் நேராகச் சொல்லுங்க, ஜாடை வேண்டாம். நேராகச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும் என்று நினைக்காதீங்க. பெரும்பாலும் நிம்மதிதான் வருது.

அவர் இப்போ வேற ஒரு குழுவில் ஆடுகிறார். முதல் நாளே, "நான் தப்பா ஏதாவது செஞ்சா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க" என்று தானே சொல்லிட்டாராம். நாலு மாசம் ஆச்சு.

உங்க குழுவிலும் இப்படி ஒருத்தர் இருந்தால், அல்லது அந்த ஒருத்தர் நீங்களாகவே இருந்தால், கீழே கேளுங்க. பெயர் போட வேண்டாம். ஓபி முடிஞ்சதும் ராத்திரி பதில் சொல்றேன்.